வீட்டிலிருந்து ஓட்டினால் பாஸ், லேபில் ஃபெயில்

கேள்வி:

சென்னை நிறுவனம் ஒன்றுக்காகச் சேலம் சூரமங்கலத்தில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். இசிஇ படித்தவள். ஐஐடி மெட்ராஸின் சக்தி புராசஸரை ஆர்ட்டி எஃப்பிஜிஏ போர்டில் ஏற்றி, அதில் மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு டீபக் வசதி செய்துகொடுப்பது எங்கள் குழுவின் வேலை. அதற்காக, போர்டோடு பேசும் டீபக் சர்வரான ஓபன்ஓசிடியில் சில மாற்றங்கள் செய்திருக்கிறோம். அந்த மாற்றங்களால் வேறு எதுவும் உடையவில்லையா என்று பார்க்கப் பைத்தானில் எழுதிய தானியங்கி டெஸ்ட்கள் இருக்கின்றன. இவை ஜிடிபி என்ற டீபக்கரை ஓட்டுவதில்லை. ஜிடிபி பேசும் ரிமோட் புரோட்டோகாலை நேராகப் பேசி, வரும் பதிலைச் சரிபார்க்கின்றன. இவற்றைப் பராமரிப்பதும், புதிதாகச் சேர்ந்தவர்கள் எழுதும் டெஸ்ட்களை ரிவ்யூ செய்வதும் என் பொறுப்பு.

இரவில் லேப் சர்வரில் எல்லா டெஸ்ட்களும் தானாக ஓடும். பிரேக்பாயின்ட் டெஸ்ட் ஒன்று இருபது முறைக்கு ஒரு முறை விழுகிறது. காலையில் நான் வீட்டிலிருந்து விபிஎன் வழியாக, அதே போர்டில், அதே டெஸ்டை ஓட்டினால் பாஸ். விழுந்த அன்று லாகில் இருந்தது இவ்வளவுதான்: "எதிர்பார்த்தது +, வந்தது +$ஓகே#9ஏ." எங்கள் லீட், "நடுவில் ஒரு செகண்ட் ஸ்லீப் போடுங்கள். ஃபெயில் ஆனால் மூன்று முறை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்" என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை, ஆனால் மறுத்துப் பேசக் காரணமும் தெரியவில்லை. இந்த மாதிரி டெஸ்ட்களை ரிவ்யூ செய்யும்போது எதைப் பார்க்க வேண்டும்?

இன்னொன்று. இதே வேலையில் இரண்டு வருடம் இருந்தால் 'டெஸ்டிங் ஆள்' என்று முத்திரை விழுந்துவிடும், சிப் டிசைன் பக்கம் போகவே முடியாது என்கிறார்கள் தோழிகள். உண்மையா?

— வாசகி, சூரமங்கலம், சேலம்

பதில்:

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரியிலேயே பாதி விடை இருக்கிறது. வீட்டிலிருந்து பாஸ், லேபில் ஃபெயில். போர்டுக்குப் பக்கத்து சர்வரில் ஒழுங்காக ஓடி, சேலத்திலிருந்து விபிஎன்னில் போனால் இடறியிருந்தால் நெட்வொர்க்கைக் குறை சொல்லலாம். இங்கே நடப்பது தலைகீழ். தூரம் கூடும்போது ஒரு டெஸ்ட் பாஸ் ஆகிறதென்றால், அந்தத் தாமதத்தை நம்பித்தான் அது எழுதப்பட்டிருக்கிறது. போர்டையும் ஓபன்ஓசிடியையும் சந்தேகிக்கும் முன் டெஸ்டைச் சந்தேகியுங்கள்.

லாகில் வந்த அந்த ஒரு வரியைப் பிரித்துப் பார்ப்போம். இந்தப் புரோட்டோகாலில் ஒவ்வொரு செய்தியும் டாலர் குறியில் தொடங்கும். பிறகு சொல்ல வேண்டிய விஷயம், பிறகு # குறி, கடைசியில் இரண்டு இலக்கச் சரிபார்ப்புத் தொகை. 'ஓகே' என்ற பதிலில் ஓ எழுத்தின் ஆஸ்கி எண் 79, கே எழுத்தின் எண் 75. கூட்டினால் 154. அதைப் பதினாறடிமான எண்ணாக எழுதினால் 9ஏ. தொகை 256-ஐ எட்டினாலோ தாண்டினாலோ 256-ஆல் வகுத்த மீதியை எடுத்துக்கொள்வார்கள். செய்தி பழுதில்லாமல் வந்து சேர்ந்தால் பெற்றவர் ஒரு + அனுப்புவார்; தொகை ஒத்துவராவிட்டால் − அனுப்புவார், அனுப்பியவர் மறுபடி அனுப்ப வேண்டும். ஆகவே உங்கள் லாகில் வந்திருப்பதில் ஒரு பிழையும் கிடையாது. "உன் செய்தி கிடைத்தது" என்ற + வந்திருக்கிறது. "பிரேக்பாயின்ட் வைத்தாயிற்று" என்ற ஓகே வந்திருக்கிறது. தொகையும் சரி. ஓபன்ஓசிடி தன் வேலையைச் செய்துவிட்டது.

தவறு, டெஸ்ட் அதை வாசித்த விதத்தில். உங்கள் ஸ்கிரிப்ட் சாக்கெட்டிலிருந்து ஒரு முறை படித்து, வந்தது + தானா என்று பார்க்கிறது. இன்னொரு முறை படித்து, வந்தது ஓகே பாக்கெட்தானா என்று பார்க்கிறது. ஒரு முறை அனுப்பியது ஒரு முறை படிக்கையில் வரும் என்ற எண்ணம் இதன் அடியில் இருக்கிறது. டிசிபி அப்படி எந்த உறுதியும் தருவதில்லை. மேல்நிலைத் தொட்டியில் குடம் குடமாக ஊற்றினாலும் கீழே குழாயைத் திறந்தால் குடக்கணக்கில் வராது. டிசிபியில் பைட்டுகள் வருவதும் அப்படித்தான். வரிசை மாறாது, எதுவும் தொலையாது. எங்கே வெட்டுப்படும் என்பது மட்டும் யார் கையிலும் இல்லை.

நீங்கள் வீட்டிலிருந்து ஓட்டும்போது + முதலில் வந்துவிடுகிறது, ஸ்கிரிப்ட் அதைப் படித்துவிடுகிறது, ஓகே பின்னால் தனியாக வந்து சேர்கிறது. லேப் சர்வரில் இந்த இடைவெளி மிகச் சிறியது. இரவு நேரத்தில் அதே சர்வரில் வேறு பில்ட்களும் ஓடிக்கொண்டிருந்தால், உங்கள் ஸ்கிரிப்டுக்குச் சிபியு கிடைக்கக் கொஞ்சம் தாமதமாகும். அதற்குள் இரண்டும் பஃபரில் வந்து உட்கார்ந்துவிடும். ஒரே வாசிப்பில் இரண்டும் கைக்கு வரும். டெஸ்ட் "இது + இல்லையே" என்று விழும்.

திருத்தம் பெரிய வேலையே அல்ல. சாக்கெட்டைத் தொடும் இடம் முழு டெஸ்ட் தொகுப்பிலும் ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். வந்த பைட்டுகளையெல்லாம் அது ஒரு பஃபரில் சேர்க்க வேண்டும். அதிலிருந்து +, −, முழு பாக்கெட் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துத் தர வேண்டும். # குறிக்குப் பின் இரண்டு இலக்கமும் வரும் வரை அதைப் பாக்கெட் என்று சொல்லக் கூடாது. சரிபார்ப்புத் தொகையையும் அங்கேயே கணக்கிட்டுப் பார்த்துவிட வேண்டும். டெஸ்ட்களை எழுதுகிறவர்கள் சாக்கெட்டை நேராகத் தொட்டால் ரிவ்யூவில் திருப்பி அனுப்புங்கள். டிசிபியில் + தேவையே இல்லை, 'ஒப்புதல் வேண்டாம்' என்று தொடக்கத்தில் சொல்லி அதை நிறுத்திவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். புரோட்டோகாலில் அந்த வசதி உண்டு, பயன்படுத்தலாம். ஆனால் அதை மட்டும் செய்துவிட்டு வாசிக்கும் முறையை அப்படியே விட்டால், இரண்டு பாக்கெட்டுகள் ஒட்டிக்கொண்டு வரும் நாளில் இதே கதை.

இனி உங்கள் லீட் சொன்ன இரண்டு யோசனைகள். அவர் மேல் குறையில்லை, காலையில் பில்ட் பச்சையாக இருக்க வேண்டும் என்ற அழுத்தம் அவருக்கு இருக்கும். ஆனால் இரண்டுமே நோயை மறைக்கும் மருந்துகள்.

ஸ்லீப்பை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் டெஸ்டில் கட்டளையை அனுப்பியதும் ஒரு செகண்ட் காத்திருந்தால், + உம் ஓகேயும் நிச்சயமாகச் சேர்ந்தே வரும். இருபதுக்கு ஒன்று விழுந்தது, இருபதுக்கு இருபதும் விழும்! வேறு இடங்களில் ஸ்லீப் உதவுவதுபோலத் தெரியும். அங்கேயும் அது நம்புவது ஒரு யூகத்தை: இவ்வளவு நேரத்துக்குள் போர்டு நின்றிருக்கும், இவ்வளவு நேரத்துக்குள் புரோகிராம் அந்த வரிக்கு வந்திருக்கும் என்று. இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல், அப்பாச்சியின் 51 திட்டங்களில் இப்படி முன்னுக்குப்பின் முரணாக நடக்கும் டெஸ்ட்களைத் திருத்திய 201 மாற்றங்களை எடுத்து ஆராய்ந்தார்கள். காரணத்தை வகைப்படுத்த முடிந்தவற்றில் சுமார் 45 சதவீதம் ஒரே வகை: ஒரு செயலின் விளைவுக்காகச் சரியாகக் காத்திருக்காதது. டீபக் புரோட்டோகாலில் நமக்கு ஒரு சௌகரியம் உண்டு. எதிர்முனை பேசும். புரோகிராம் நின்றால் 'நின்றுவிட்டது' என்ற பாக்கெட் வரும். அந்தப் பாக்கெட்டுக்காகக் காத்திருங்கள். கால வரம்பு வேண்டும், ஆனால் அது டெஸ்ட் முடிவில்லாமல் தொங்கிவிடாமல் இருப்பதற்கு மட்டும். வரம்பு தாண்டி விழும்போது "டைம்அவுட்" என்ற ஒற்றைச் சொல்லோடு விழக் கூடாது. அதுவரை போனது, வந்தது எல்லாவற்றையும் நேரக்குறிப்போடு கொட்டிவிட்டு விழ வேண்டும். நீங்கள் எனக்கு ஒரு வரி லாகை அனுப்பினீர்கள். அதில் விடை இருந்தது நம் அதிர்ஷ்டம்.

மூன்று முறை ஓட்டுவதன் கணக்கு இது. இருபதுக்கு ஒன்று விழும் டெஸ்ட் தொடர்ந்து மூன்று முறையும் விழ 8000-க்கு ஒரு வாய்ப்பு. அதாவது யாரும் இனி அதைப் பார்க்கப் போவதில்லை. இன்றைய பிழை டெஸ்டில் இருக்கிறது. நாளைக்கு உங்கள் ஓபன்ஓசிடி மாற்றத்தில் உண்மையாகவே இருபதுக்கு ஒரு முறை தவறான பதில் தரும் பிழை நுழைந்தால், அதையும் இதே மூன்று முறை ஓட்டம் விழுங்கிவிடும். கருவி பொய் சொல்கிறது என்று தெரியாமல், அதை வாங்கியவர் தன் புரோகிராமில் இல்லாத தவறைத் தேடி நாள் கணக்கில் உட்கார்ந்திருப்பார். டீபக் கருவி செய்கிறவர்கள் மற்ற மென்பொருள்காரர்களைவிட இதில் கண்டிப்பாக இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். எதையும் நம்ப முடியாத நேரத்தில்தான் ஒருவர் டீபக்கரைத் திறக்கிறார்.

இதே கணக்கு திருத்திய பிறகும் வேண்டும். "சரி பண்ணிட்டேன், இருபது தடவை ஓட்டினேன், எல்லாம் பாஸ்" என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். ஒன்றும் திருத்தாமலே இருபது ஓட்டமும் பாஸ் ஆக 36 சதவீத வாய்ப்பு இருக்கிறது. 60 ஓட்டத்தில் அது 5 சதவீதத்துக்குக் கீழே வரும், 90-இல் 1 சதவீதத்துக்கு. அதோடு, அந்த ஓட்டங்களை லேப் சர்வரிலேயே, பக்கத்தில் வேறு பில்ட் ஓடும்போதே நடத்துங்கள். வீட்டிலிருந்து ஓட்டி வரும் பாஸ் இந்தப் பிழைக்குச் சான்றாகாது.

ரிவ்யூவில் எதைப் பார்ப்பது என்று கேட்டீர்கள். விழும் டெஸ்ட்களைவிட, ஒருபோதும் விழாத டெஸ்ட்களைத்தான் நான் முதலில் தேடுவேன். இந்தப் புரோட்டோகாலில் அதற்கென்றே ஒரு பள்ளம் இருக்கிறது. தனக்குத் தெரியாத கட்டளை வந்தால் சர்வர் பிழை என்று சொல்லாது. காலிப் பாக்கெட் ஒன்றை அனுப்பும். டாலர், உடனே #, பிறகு 00. பிழைக்கான பதிலோ 'இ' என்ற எழுத்தில் தொடங்கும். புதியவர்கள் பெரும்பாலும் "பதில் இ-யில் தொடங்கவில்லை என்றால் பாஸ்" என்று எழுதுவார்கள். வன்பொருள் பிரேக்பாயின்ட் வசதியையே யாரோ தவறுதலாக நீக்கிவிட்டார்கள் என்று வையுங்கள். காலிப் பதில் வரும். காலிப் பதில் இ-யில் தொடங்கவில்லை. டெஸ்ட் பாஸ். வசதி இல்லவே இல்லை, டெஸ்ட் மட்டும் வருடக்கணக்கில் பச்சை. 'ஓகே' வந்தால் மட்டுமே பாஸ் என்று எழுத வைக்க வேண்டும். அதுவும் போதாது. பிரேக்பாயின்ட் வைத்தாயிற்று என்று சர்வர் சொல்வது ஒன்று, புரோகிராமை ஓடவிட்டால் அங்கே நிற்பது வேறொன்று. நின்ற பிறகு புரோகிராம் கவுன்டரைப் படித்து, வைத்த முகவரியில்தான் நிற்கிறதா என்று பார்க்காத பிரேக்பாயின்ட் டெஸ்டை நான் ஏற்க மாட்டேன்.

ஆகவே ரிவ்யூவுக்கு வரும் ஒவ்வொரு டெஸ்டுக்கும் எழுதியவரிடம் ஒரு காரியம் கேளுங்கள். சர்வரில் அந்த வசதியை வேண்டுமென்றே கெடுத்து, டெஸ்ட் விழுவதைக் காட்டச் சொல்லுங்கள். சிவப்பாவதைக் கண்ணால் பார்த்த பிறகு ஒப்புதல் கொடுங்கள்.

புரோட்டோகால் உறுதி தராத ஒன்றை டெஸ்ட் எதிர்பார்க்கிறதா என்பது அடுத்தது. புரோகிராம் நின்றதைச் சொல்லும் பதில் 'டி05' என்று தொடங்கி, பின்னால் த்ரெட் எண், பதிவேட்டின் மதிப்பு என்று ஜோடி ஜோடியாக வரும். ஜோடிகளை இந்த வரிசையில்தான் தர வேண்டும் என்று விதி இல்லை. பதிலை முழுச் சரமாக வைத்து ஒப்பிடும் டெஸ்ட், யாராவது ஒரு ஜோடியைக் கூடுதலாகச் சேர்த்த அன்றே விழும். பிரித்து, தேவையானதை மட்டும் பாருங்கள். புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போது திரைக்கு எழுதும் எழுத்துகள் 'ஓ'வில் தொடங்கும் தனிப் பாக்கெட்டுகளாக நடுவில் வரலாம்; ஓடவிட்டதும் முதலில் வருவதே நின்ற செய்தி என்று கொள்ளக் கூடாது. நினைவகத்தில் 64 பைட் கேட்டால் அதைவிடக் குறைவாகத் தரவும் சர்வருக்கு உரிமை உண்டு. சக்தி பின்பற்றும் ரிஸ்க்-ஃபைவில் பதிவேட்டின் மதிப்பு சிறிய முனை முதலில் வரும்: 80000000 என்ற முகவரி 00000080 என்று வரும். இதைத் திருப்பிப் படிக்க மறந்த டெஸ்ட், மதிப்பு பூஜ்ஜியமாக இருக்கும் வரை பாஸ் ஆகிக்கொண்டே இருக்கும். ஜிடிபிசர்வர் போன்ற சில சர்வர்கள் ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வந்தால் நட்சத்திரக் குறி போட்டுச் சுருக்கி அனுப்பும். அதை விரிக்கத் தெரியாத டெஸ்ட், நினைவகம் வெறும் பூஜ்ஜியங்களாக இருக்கும் நாளில் மட்டும் விழும். காரணம் தெரியாவிட்டால் இதைப் பேய் வேலை என்றுதான் நினைக்கத் தோன்றும்.

அடுத்த பிழை உங்களிடமும் இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். ஓடும் புரோகிராமை இடையில் நிறுத்த 03 என்ற ஒற்றை பைட்டை அனுப்புகிறோம். அதற்கு டாலரும் கிடையாது, சரிபார்ப்புத் தொகையும் கிடையாது. புரோகிராமை ஓடவிட்டு, அரை செகண்ட் தூங்கி, 03 அனுப்பி, 'டி02' வருகிறதா என்று பார்ப்பது வழக்கமான டெஸ்ட். முந்தைய டெஸ்ட் ஒரு பிரேக்பாயின்டை நீக்காமல் போயிருந்தால், அந்த அரை செகண்டுக்குள் புரோகிராம் அதில் மோதி ஏற்கெனவே நின்றிருக்கும். வருவது 'டி05'. சரி, இந்த டெஸ்ட் விழுந்தது, தெரிந்துவிட்டது. தெரியாமல் போவது அந்த 03-இன் கதி. நின்றுபோன புரோகிராமுக்கு வந்து சேர்ந்த அதைச் சில சர்வர்கள் தூக்கி எறியும், சில எடுத்து வைத்துக்கொண்டு அடுத்த ஓட்டத்தில் பிரயோகிக்கும். அப்போது ஒரு குற்றமும் செய்யாத அடுத்த டெஸ்ட் காரணமில்லாமல் நிற்கும். லாகில் சிவப்பாகத் தெரிகிற டெஸ்டையே துருவிக்கொண்டிருந்தால் வாரம் போய்விடும். அதற்கு முந்தைய டெஸ்டின் லாகைத் திறந்து பாருங்கள்.

இதற்கு மருந்து, ஒவ்வொரு டெஸ்டும் சுத்தமான நிலையில் தொடங்குவது. போர்டை ரீசெட் செய்து, நின்றிருக்கிறதா என்று '?' கட்டளையால் கேட்டு, பதில் வந்த பிறகு ஆரம்பியுங்கள். வன்பொருள் பிரேக்பாயின்ட்டுக்கான டிரிகர்கள் புராசஸரில் கைவிரல் விட்டு எண்ணும் அளவுதான் இருக்கும். நாலைந்து டெஸ்ட்கள் விட்டுச் சென்றால் அதற்கடுத்தது இடமில்லாமல் விழும். இந்தச் சார்பு இருக்கிறதா என்று அறிய, வாரத்தில் ஓரிரவு டெஸ்ட்களின் வரிசையைக் குலுக்கி ஓட்டுங்கள், குலுக்கிய வரிசையை லாகில் எழுதி வையுங்கள். ஓபன்ஓசிடியை 3333 என்ற வழக்கமான போர்ட்டிலேயே ஒவ்வொரு முறையும் தொடங்கினால், முந்தையது இன்னும் போர்ட்டை விடவில்லை என்றும் விழும். போர்ட் எண்ணாக 0 கொடுத்தால் இயங்குதளமே காலியான ஒன்றைத் தரும்; எந்த எண் கிடைத்தது என்று ஓபன்ஓசிடி லாகில் எழுதும்; அதைப் படித்து இணையலாம்.

போர்டா, சர்வரா, டெஸ்டா என்ற சந்தேகம் தீராதபோது சங்கிலியில் ஒரு கண்ணியை மாற்றிப் பாருங்கள். ரிஸ்க்-ஃபைவ் உலகில் ஸ்பைக் என்ற சிமுலேட்டர் இருக்கிறது. அதில் டீபக் பகுதியும் உண்டு, ஓபன்ஓசிடி அதனோடு பேசும். அதே டெஸ்ட் ஸ்பைக்கிலும் விழுந்தால் போர்டின் மேல் பழி இல்லை. ஸ்பைக்கில் நூறு முறை ஓடி, போர்டில் மட்டும் விழுந்தால் ஜேடேக் கேபிளிலிருந்து தொடங்குங்கள். அடுத்து கேஷைச் சந்தேகியுங்கள். சாதாரண பிரேக்பாயின்ட் நினைவகத்தில் ஓர் இபிரேக் கட்டளையை எழுதி வேலை செய்கிறது. எழுதிய பிறகும் புராசஸர் தன் கட்டளைக் கேஷிலிருந்து பழையதையே எடுத்து ஓட்டினால் நிற்காமல் போய்விடும். கேஷை முழுமையாகப் பாவனை செய்யாத சிமுலேட்டரில் இது தெரியவே தெரியாது. இதுவரை சொன்னவை, விஎஸ் கோடின் டீபக் அடாப்டர் புரோட்டோகாலில் வேலை செய்யும் வாசகர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும். அங்கே கூடுதலாக ஒன்று: 'லாஞ்ச்' கோரிக்கைக்குப் பதில் வரட்டும் என்று நின்றுவிடாதீர்கள். 'கான்ஃபிகரேஷன் டன்' வரும்வரை சில அடாப்டர்கள் அந்தப் பதிலைத் தராது, இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். தோழிகள் சொல்வது உண்மையல்ல. சக்தி திட்டம் பேராசிரியர் காமகோடி தலைமையில் 2014-இல் தொடங்கியது. 2018-இல் இன்டெலின் 22 நானோமீட்டர் முறையில் ரைஸ்கிரீக் சிப், அதே ஆண்டில் மொகாலியிலுள்ள செமிகண்டக்டர் லேபரட்டரியின் 180 நானோமீட்டர் முறையில் ரிமோ, 2020-இல் மூஷிக், 2025 பிப்ரவரியில் இஸ்ரோவுக்காக ஐரிஸ். ஒவ்வொரு முறையும் ஆலையிலிருந்து சிப் திரும்பி வந்து மேசையில் வைக்கப்படும்போது, அது உயிரோடு இருக்கிறதா என்று அறிய முதலில் இணைக்கப்படும் வழிகளில் ஒன்று ஜேடேக்கும் டீபக் பகுதியும். பதில் வராவிட்டால் சிப்பா, போர்டா, கேபிளா, மென்பொருளா என்று அந்த அறையில் சொல்லத் தெரிந்தவர் யார்? நீங்கள் இப்போது பழகிக்கொண்டிருக்கும் வேலை அது. டிசைன் குழுவுக்கு நீங்கள் போக, ரிஸ்க்-ஃபைவின் டீபக் விதிநூல் நல்ல வாசல். அதன் 0.13 பதிப்பு 2019-இல் முறையாக ஏற்கப்பட்டது. உங்கள் டெஸ்ட் அனுப்பும் ஒவ்வொரு பாக்கெட்டும் அந்த நூலின் எந்தப் பதிவேட்டில் போய் முடிகிறது என்று ஓபன்ஓசிடியின் விரிவான லாகை வைத்துக்கொண்டு தொடர்ந்து பாருங்கள்.

தொடங்க போர்டுகூட வேண்டாம். ஸ்பைக்கை உங்கள் லேப்டாப்பில் நிறுவுங்கள். ரிஸ்க்-ஃபைவ் டெஸ்ட்கள் என்ற திறந்த தொகுப்பில் டீபக் என்ற கோப்புறை இருக்கிறது. ஜிடிபி, ஓபன்ஓசிடி, ஸ்பைக் மூன்றையும் கோத்து ஓட்டும் டெஸ்ட்கள் அதில் உள்ளன. போர்ட் எண்ணாக 0 கொடுப்பது முதல் பலவற்றை அங்கே செய்து வைத்திருக்கிறார்கள். லீடிடம் பேசப் போகும்போது வாதத்தோடு போக வேண்டாம். பஃபர் வைத்துத் திருத்திய ரீடரை ஒரு கிளையில் போட்டு, லேப் சர்வரில் இரவு 90 முறை ஓடவிடுங்கள். பழைய கிளையையும் பக்கத்திலேயே 90 முறை ஓடவிடுங்கள். இரண்டு லாகையும் காலையில் அவருக்கு அனுப்புங்கள்.